தைமின் பஞ்சம்: நுண்ணுயிரின் கட்டுமானச் சரக்கும் அதன் கணக்கும்

ஒரு கண்ணாடிக் குடுவையில் தூய நீரை எடுத்துக்கொண்டு, அதில் சிறிதளவு குளுக்கோஸ், அம்மோனிய உப்பு, பாஸ்பேட்டு உப்பு, மெக்னீஷிய சல்பேட்டு ஆகியவற்றைக் கரைத்து, அக்கரைசலில் ஈ. கோலி என்னும் குடல்வாழ் பாக்டீரியா அடங்கிய நீரை ஒரு துளி விட்டு, நம் உடலின் வெப்பநிலையில் ஓர் இரவு வைத்திருப்போமாயின், மறுநாட் காலையில் குடுவையின் நீர் முழுவதும் கலங்கியிருக்கக் காணலாம். கலக்கம் என்று நாம் கூறுவது கோடிக்கணக்கான புதிய உயிரணுக்களையே. நான்கைந்து எளிய உப்புகளையும் ஒரு சர்க்கரையையும் தவிர அவற்றிற்கு நாம் யாதும் அளிக்கவில்லை. புரதங்களும், கொழுப்புகளும், வைட்டமின்களும், பரம்பரைக் குணங்களைத் தாங்கி நிற்கும் டி.என்.ஏ. என்னும் பொருளும் அவற்றைக் கொண்டே ஆக்கப்பட்டன. மனிதன் இத்திறமை வாய்க்கப்பெற்றவன் அல்லன்.

இவற்றுள் டி.என்.ஏ.யின் ஆக்கத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். ஈ. கோலியின் டி.என்.ஏ. ஏறத்தாழ 46 இலட்சம் இணைகளைக் கொண்ட ஒரு நீண்ட இரட்டை வடம். உயிரணு ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அவ்வடம் முழுவதும் படியெடுக்கப்படல் வேண்டும். அதாவது ஏறக்குறைய 92 இலட்சம் கட்டுமானக் கற்கள் தேவை. இக்கற்களுக்கு நியூக்ளியோடைடுகள் என்று பெயர். ஒவ்வொரு கல்லிலும் ஒரு காரப் பொருள், ஒரு சர்க்கரை, பாஸ்பேட்டு ஆகிய மூன்று உறுப்புகள் உண்டு. காரப் பொருள்கள் நான்கு: அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின். ஈ. கோலியில் இந்நான்கும் ஏறத்தாழச் சரிபங்காகவே காணப்படுகின்றன. எனவே ஒருமுறை பிரிவதற்குத் தைமின் கல் மட்டும் சுமார் 23 இலட்சம் வேண்டும். நல்ல உணவில் வளரும் பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரியவல்லது என்பதை நினைவிற்கொண்டால், இக்கொள்முதலின் வேகம் ஒருவாறு விளங்கும்.

வேகத்தைக் காட்டிலும் வியப்பானது அளவு. நான்கு வகைக் கற்களும் ஒன்றுக்கொன்று இசைந்த விகிதத்தில் வந்து சேர வேண்டும். மூன்று வகை குவிந்து கிடக்க நான்காவது வகை கிட்டாமற் போனால், கொத்தன் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பான். வீடு இடிந்து விழாது. பாக்டீரியாவின் நிலை அவ்வாறன்று. ஒரு கல் மட்டும் இல்லாமற்போனால் அது மடிகிறது. வேறு பல பொருள்கள் இல்லாமற்போனாலோ மடிவதில்லை. இந்த வேற்றுமையிலிருந்து உலகெங்கும் வழங்கும் ஒரு மருந்தின் செயலையும், அம்மருந்து சில வேளைகளில் பலிக்காமற் போவதன் காரணத்தையும் ஒருங்கே அறியலாம்.

அடினைனும் குவானைனும் பியூரின் என்னும் வகுப்பைச் சேர்ந்தவை; சைட்டோசினும் தைமினும் பிரிமிடின் வகுப்பைச் சேர்ந்தவை. இவ்விரு வகுப்புகளையும் உயிரணு இருவேறு முறைகளில் ஆக்குகிறது. பிரிமிடின் வளையம், தச்சன் பட்டறையில் நிலைக்கதவைச் செய்து முடித்துக் கொண்டுவந்து பொருத்துவது போல, முதலில் தனியே செய்யப்பட்டுப் பின்னர் சர்க்கரையின்மீது ஏற்றப்படுகிறது. பியூரினோ சர்க்கரையையே அடித்தளமாகக் கொண்டு அதன்மேல் ஒவ்வோர் அணுவாக அடுக்கி எழுப்பப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு வேலையாள் உண்டு; அவ்வேலையாளே என்ஸைம் எனப்படும் நொதி. ஒவ்வொரு நொதியையும் ஆக்குவதற்கான குறிப்பு ஒரு மரபணுவில் அடங்கியுள்ளது. பியூரின் பாதையில் பத்துப் பதினொரு படிகளும், பிரிமிடின் பாதையில் ஆறு படிகளும் இருக்கின்றன.

பியூரின் வளையத்திலுள்ள ஒன்பது அணுக்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை முதலிற் கண்டவர்கள் புறாக்களைக் கொண்டே கண்டார்கள். பறவைகள் வேண்டாத நைட்ரஜனை யூரிக் அமிலமாகக் கழிக்கின்றன. யூரிக் அமிலமும் ஒரு பியூரினே. 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஜான் புக்கானன் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் அடையாளமிட்ட ஐசோடோப்புகள் அடங்கிய பொருள்களைப் புறாக்களுக்கு ஊட்டி, எச்சத்திலிருந்து யூரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து, எந்த அணு எந்த இடத்தில் வந்து அமர்ந்திருக்கிறது என்று கணக்கெடுத்தனர். இரண்டு கார்பனும் ஒரு நைட்ரஜனும் கிளைசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து வந்தன. இரண்டு நைட்ரஜன் குளூட்டமினிலிருந்தும், ஒன்று அஸ்பார்ட்டிக் அமிலத்திலிருந்தும் வந்தன. ஒரு கார்பன், கார்பன் டை ஆக்ஸைடிலிருந்து வந்தது. எஞ்சிய இரண்டு கார்பன்களும் பார்மிக் அமிலத்திலிருந்து வந்தன. எறும்புக் கடியின் எரிச்சலோடு தொடர்புடைய அதே அமிலந்தான். இந்த இரண்டு கார்பன்களே நம் வரலாற்றின் திறவுகோல்.

எச்சத்தைக் கொண்டு மூலப் பொருள்களை அறியலாம்; இடைப்பட்ட படிகளை அறிய இயலாது. அதற்குப் பாக்டீரியாவே துணைசெய்தது. ஒரு பாதையில் ஒரு பாலம் உடைந்தால் அதற்கு முன்னே வண்டிகள் தேங்கி நிற்பது போல, ஒரு நொதி செயலற்றால் அதற்கு முந்திய படியின் விளைபொருள் உயிரணுவில் தேங்கும். தேங்கியதை எடுத்துப் பரிசோதித்தால் பாலம் எங்கே உடைந்தது என்பது புலப்படும். பாலத்தை உடைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, புற ஊதாக் கதிர் முதலியவற்றால் மரபணுவைச் சிதைத்துச் சடுதி மாற்றத்தை உண்டாக்குதல். மற்றொன்று, நொதியின் வேலையைத் தடுக்கும் மருந்து ஒன்றை இடுதல்.

இரண்டாவது வழி தற்செயலாக முன்னரே திறந்திருந்தது. சல்பா மருந்துகளின் ஆற்றல் 1935-இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக் வெளியிட்ட ஆராய்ச்சியால் உலகுக்குத் தெரியவந்தது. அவை பாக்டீரியாவை ஏன் தடுக்கின்றன என்பது ஐந்தாண்டுகள் வரை விளங்கவில்லை. 1940-இல் இலண்டனில் டொனால்ட் உட்ஸ் என்பவர், பாரா அமினோ பென்சாயிக் அமிலம் என்னும் பொருளைச் சிறிதளவு சேர்த்தால் சல்பா மருந்தின் வேகம் அடங்கிவிடுகிறது என்று காட்டினார். இரு பொருள்களும் அமைப்பில் உடன்பிறந்தவை போன்றவை. நொதியானது ஒன்றை மற்றொன்றாகக் கருதி ஏமாந்துபோகிறது என்பதே அவர் கண்ட முடிவு.

1945-இல் ஸ்டெட்டன், ஃபாக்ஸ் என்னும் இரு ஆராய்ச்சியாளர், சல்பா மருந்தால் வளர்ச்சி தடைப்பட்ட ஈ. கோலி வளர்ப்பில் புதியதோர் அமீன் தேங்கி நிற்பதைக் கண்டனர். அது இன்னதென்று அப்பொழுது அவர்களால் கூற இயலவில்லை. இரண்டாண்டுகளுக்குப் பின் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஷைவும் அவருடைய தோழர்களும் அதன் அமைப்பைத் தெளிவுபடுத்தினர். அது ஏறக்குறைய முற்றுப்பெற்ற பியூரின். ஒரே ஒரு கார்பன் அணு குறைந்திருந்தது. அந்த ஒரு கார்பன், புறாக்களில் பார்மிக் அமிலத்திலிருந்து வந்ததாகக் கண்ட இரண்டில் ஒன்று! பின்னர், மருந்து ஏதுமின்றியே, மரபணு சிதைந்ததால் பியூரின் வேண்டிநிற்கும் ஈ. கோலி வகையொன்றும் இதே பொருளைத் தேக்கி வைப்பதை ஜோசப் காட்ஸ் கண்டார். எச்சமும் மருந்தும் மரபணுவும் ஒரே இடத்தைச் சுட்டின.

அந்தக் கார்பனைச் சுமந்து வந்து உரிய இடத்தில் வைக்கும் பொருளே போலிக் அமிலம். அதன் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. பம்பாயில், இன்றைய மும்பையில், நெசவாலைகளில் வேலைசெய்த கர்ப்பிணிப் பெண்களுக்கு வந்த கொடிய இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவப் பெண்மணி, ஈஸ்ட்டின் சாறு அதனைக் குணப்படுத்துவதை 1931-இல் வெளியிட்டார். சாற்றிலிருந்த பொருள் இன்னதென அப்பொழுது தெரியாது. 1941-இல் மிட்செல், ஸ்நெல், வில்லியம்ஸ் ஆகியோர் 4 டன் பசலைக் கீரையிலிருந்து ஓர் அமிலத்தைச் சிறிதளவு பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினால் அதற்குப் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். அவர்கள் அதன் அளவை அறியத் துலாக்கோலைப் பயன்படுத்தவில்லை. தானே அவ்வமிலத்தை ஆக்க இயலாத ஒரு பாக்டீரியாவை வளர்த்து, அதன் வளர்ச்சியைக் கொண்டே அளந்தனர். அது இன்று எண்டரோகாக்கஸ் என வழங்கும் இனத்தைச் சேர்ந்தது. வாசகர்கள் இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்வாராக; பின்னர் மீண்டும் வரும். போலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக ஆக்கும் பணி 1945-இல் அமெரிக்காவில் லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்தில் நிறைவேறியது. அதற்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அந்நாடு சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். அவருடைய குழுவினர் போலிக் அமிலத்தைப் போலிசெய்யும் அமினாப்டெரின் என்னும் பொருளையும் ஆக்கினர். 1948-இல் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு முதன்முதலாகத் தற்காலிக நிவாரணம் அளித்தது அதுவே.

இனிச் சல்பா மருந்தின் பொருள் தெளிவாகும். பாரா அமினோ பென்சாயிக் அமிலம், போலிக் அமிலத்தின் ஓர் உறுப்பு. பாக்டீரியா போலிக் அமிலத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறது. நாம் கீரையிலும் பருப்பிலும் ஈரலிலும் உண்டு பெறுகிறோம். ஆகவே அவ்வாக்கத்தைத் தடுக்கும் மருந்து அதனைத் தாக்கும், நம்மைத் தாக்காது. ஆக்கத் தெரிந்தவனுக்கே இங்கு ஆபத்து.

பிரிமிடின் பாதையைப் பற்றிச் சில சொற்கள் கூறி மேலே செல்வோம். 1956-இல் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் யேட்ஸ், ஆர்தர் பார்டி ஆகிய இருவர், அப்பாதையின் தொடக்கத்திலுள்ள அஸ்பார்ட்டேட் டிரான்ஸ்கார்பமைலேஸ் என்னும் நொதியை அப்பாதையின் இறுதி விளைபொருளே தடுத்து நிறுத்துகிறது என்று கண்டனர். சரக்கு நிரம்பினால் ஆலையின் வாயிற் கதவு தானே சாத்திக்கொள்கிறது. 1962-இல் ஜான் கெர்ஹார்ட்டும் பார்டியும் இந்நொதியை மெல்லச் சூடாக்கியோ பாதரசக் கூட்டுப்பொருள்களைச் சேர்த்தோ பார்த்தபொழுது, அது வேலைசெய்யும் திறனை இழக்காமல் கட்டுப்படும் குணத்தை மட்டும் இழந்தது. எனவே வேலைசெய்யும் இடம் வேறு, கட்டளை ஏற்கும் இடம் வேறு என்பது பெறப்பட்டது. பின்னர் ஆறு செயல் உறுப்புகளும் ஆறு கட்டுப்பாட்டு உறுப்புகளும் சேர்ந்ததே அந்நொதி என்று தெரிந்தது. இதில் பலரும் கவனியாது விடும் ஒரு செய்தி உண்டு: பிரிமிடின் மிகுந்தால் அடங்கும் இதே நொதி, பியூரின் வகுப்பைச் சேர்ந்த ஏ.டி.பி. மிகுந்தால் ஊக்கம் பெறுகிறது. ஒரு சரக்கின் உற்பத்தி மற்றொரு சரக்கின் இருப்பைப் பார்த்து நடைபெறுகிறது.

இக்கணக்கில் சிறு பிழையொன்று எங்கும் பரவிக் கிடந்ததை விஞ்ஞானிகள் நெடுங்காலம் அறியாதிருந்தனர். ஆய்வுக்கூடங்களில் குறையற்ற மூல வகை எனக் கொண்டு வளர்க்கப்படும் ஈ. கோலி, 1922-இல் ஸ்டான்போர்டில் ஒரு நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்ட கே-12 என்னும் வகையின் வழித்தோன்றல். அதன் மிகவும் வழக்கமான இரு கிளைகளில் ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டுப்போயிருக்கிறது என்றும், அதனால் அதற்கு அடுத்துள்ள பிரிமிடின் மரபணு சரிவர இயங்காமல், பிரிமிடின் அளிக்கப்படாத எளிய ஊடகத்தில் அவை நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு மெதுவாக வளர்கின்றன என்றும் 1993-இல் கோபன்ஹேகனைச் சேர்ந்த காய் ஃபிராங்க் யென்சன் காட்டினார். அதுவரை அளவுகோலாகக் கொண்டதே குறையுடையது! மொழிபெயர்ப்பாளனுக்கு இச்செய்தியில் ஒருவகை ஆறுதல் உண்டு. மூலத்திலும் அச்சுப்பிழை இருக்கும்.

பியூரின், பிரிமிடின் ஆகிய இருபாதைகளும் தருபவை ஆர்.என்.ஏ.க்கு உரிய கற்களே. டி.என்.ஏ.க்கு உரிய கற்கள் வேண்டுமாயின், அவற்றின் சர்க்கரையிலிருந்து ஓர் ஆக்ஸிஜனை நீக்க வேண்டும். அப்பணியைச் செய்யும் ரிபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ் என்னும் நொதியை ஸ்டாக்ஹோமில் பீட்டர் ரைக்கார்டு ஈ. கோலியிலிருந்து எடுத்து ஆராய்ந்தார். நான்கு வகைக் கற்களுக்கும் பொதுவான இந்த ஒரு நொதி, ஒரு வகை மிகுந்தால் அடுத்த வகையின் பக்கம் திரும்புமாறு அமைந்திருக்கிறது. இதன் நுட்பங்கள் தனிக் கட்டுரைக்கு உரியன.

ஆயினும் இதனால் தைமின் கிடைத்துவிடுவதில்லை. ஆர்.என்.ஏ.யில் தைமின் இல்லை. அதற்குப் பதில் யுராசில் உள்ளது. யுராசிலுடன் ஒரு கார்பனைச் சேர்த்தால் தைமின். அக்கார்பனைத் தருவதும் போலிக் அமிலமே. இதனைச் செய்யும் தைமிடிலேட் சிந்தேஸ் என்னும் நொதியை 1957-இல் ஃபிரீட்கினும் கார்ன்பெர்க்கும் ஈ. கோலியின் சாற்றில் கண்டனர். அதன் மரபணுவிற்குத் தை-ஏ என்று பெயர். தமிழில் அப்பெயர் மாதத்தின் பெயரோடு மயங்குவதற்கு நான் பொறுப்பாளியல்லன்.

தை-ஏ மரபணு கெட்ட பாக்டீரியாவுக்குத் தைமினை வெளியிலிருந்து அளித்தால் நன்கு வளரும். அளிக்காவிட்டால்? இதனை 1954-இல் பிலடெல்பியாவில் சீமோர் கோஹனும் ஹேஸல் பார்னரும் சோதித்தனர். குளுக்கோஸும் உப்புகளும் வேண்டிய மட்டும் இருந்தன. தைமின் மட்டும் இல்லை. முதல் அரை மணி நேரத்தில் குறிப்பிடத்தக்க தீங்கு ஏதும் தோன்றவில்லை. உயிரணுக்கள் புரதத்தையும் ஆர்.என்.ஏ.யையும் தொடர்ந்து ஆக்கி நீண்டு பருத்தன. அதன்பின் அவை விரைவாக மடியத் தொடங்கின. மீண்டும் தைமினை அளித்தும் பயனில்லை. இரண்டு மணி நேரத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட எஞ்சவில்லை எனலாம்.

வேறு அத்தியாவசியப் பொருளொன்றை, எடுத்துக்காட்டாகத் தேவைப்படும் ஓர் அமினோ அமிலத்தை, நிறுத்தி வைத்தால் பாக்டீரியா வளராது நிற்கும். பல மணி நேரம் கழித்து அதனை அளித்தால் மீண்டும் தழைக்கும். இன்னும் வியப்பு யாதெனில், தைமினோடு அமினோ அமிலத்தையும் சேர்த்து நிறுத்திவிட்டால் சாவு பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது! இரண்டும் இல்லாதபோது பிழைப்பது, ஒன்று மட்டும் இல்லாதபோது மடிகிறது. வளர்ச்சியின் ஒரு பகுதி நின்றுபோக மற்றப் பகுதிகள் மேலே மேலே ஓடுவதையே கோஹன் சமநிலையற்ற வளர்ச்சி என்று அழைத்தார்.

இந்நிகழ்ச்சிக்குத் தமிழில் என்ன பெயரிடுவது என்று சற்றுத் தயங்கினேன். பட்டினிச் சாவு என்று முதலில் எழுதி, பின்னர் அடித்துவிட்டேன். பட்டினி கிடப்பவன் மெலிவான். இவ்வுயிரணுவோ பருத்து மடிகிறது. வயிறு நிறைந்திருக்க ஒரு பொருளுக்கு மட்டும் பஞ்சம் என்பதே பொருந்தும். அது ஏன் மடிகிறது என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமுகமான கருத்து ஏற்படவில்லை. டி.என்.ஏ.யைப் படியெடுக்கும் பணி கற்களின்றி நடுவழியில் தடைப்படும்பொழுதும், உயிரணு புதிது புதிதாகப் படியெடுக்கத் தொடங்கும்பொழுதும் வடம் சிதைவுறுகிறது என்பர் பலர். சிதைவைச் செப்பனிட முயல்வதே சிதைவை மிகுவிக்கிறது என்பாரும் உளர்.

சல்பா மருந்தைப் பற்றிய பழைய புதிர் ஒன்று இதனால் அவிழ்ந்தது. அம்மருந்து பாக்டீரியாவைப் பெரும்பாலும் வளராமல் நிறுத்துகிறதேயன்றிக் கொல்வதில்லை. போலிக் அமிலம் இல்லாதபோது தைமின் மட்டுமன்றிப் பியூரினும் சில அமினோ அமிலங்களும் கூடவே நின்றுபோகின்றன. எல்லாம் ஒருங்கே நிற்பதால் உயிரணு உறங்கிப் பிழைக்கிறது. அமினோ அமிலங்களையும் பியூரினையும் வெளியிலிருந்து அளித்துத் தைமினை மட்டும் அளிக்காமல் விட்டால், அதே மருந்து கொல்லும் மருந்தாகிறது. உணவளித்தே கொல்வது என்று இதனைக் கூறலாம்.

சல்பாவுக்கு அடுத்து வந்தது டிரைமெத்தோபிரிம். 1988-இல் நோபெல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், கெர்ட்ரூட் எலியான் ஆகியோரின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது அது. அதன் செயலை விளக்கக் கட்டட வேலையையே உவமையாகக் கொள்வோம். போலிக் அமிலத்தைக் கல் சுமக்கும் கூடையாகவும், கார்பனைக் கல்லாகவும் எண்ணுக. பியூரின் வேலைக்கு வரும் கூடை கல்லை இறக்கிவிட்டு நல்ல நிலையில் திரும்புகிறது. தைமின் வேலையில் மட்டும் கல்லோடு கூடையின் பிரம்பிலும் ஒரு பகுதியைக் கொடுத்துவிட வேண்டியிருக்கிறது. இரசாயன மொழியில் கூறினால், கூடை தன் ஹைட்ரஜனை இழக்கிறது. கிழிந்த கூடையை மீண்டும் முடைந்து தருவதற்கு டைஹைட்ரோபோலேட் ரிடக்டேஸ் என்றொரு நொதி இருக்கிறது. டிரைமெத்தோபிரிம் அந்த முடைபவனின் கையைப் பிடித்துக்கொள்கிறது. நம் உடலிலும் அதே வேலையைச் செய்யும் நொதி உண்டு. எனினும் பாக்டீரியாவின் நொதியை இம்மருந்து பதினாயிரக்கணக்கான மடங்கு இறுகப் பற்றுவதால் நாம் தப்புகிறோம். 1960-களின் இறுதியில், டிரைமெத்தோபிரிம் ஒரு பங்கும் சல்பாமெத்தாக்ஸசோல் ஐந்து பங்கும் கலந்த கோ-டிரைமாக்ஸசோல் மாத்திரை வழக்கத்துக்கு வந்தது. கூடை செய்பவனை ஒன்று தடுக்கிறது, கூடை முடைபவனை மற்றொன்று தடுக்கிறது.

ஆய்வாளர்கள் இம்மருந்தைக் கொண்டு செய்த ஒரு தந்திரம் முதற் பார்வையில் நம்பத்தகாததாய்த் தோன்றும். தை-ஏ கெட்ட வகைகள் இயற்கையில் மிக அரிதாகவே தோன்றுகின்றன. அவற்றைத் தேடிப் பிடிக்க, 1960-ஐ ஒட்டி ஒகாடா முதலியோர் அமினாப்டெரினையும், 1965-இல் ஸ்டேசியும் சிம்சனும் டிரைமெத்தோபிரிமையும் கையாண்டனர். சிறிது தைமின் கலந்த ஊடகத்தில் மருந்தை இட்டுப் பாக்டீரியாவை வளர்த்தால், குறையற்றவை யாவும் நின்றுவிடுகின்றன. மரபணு கெட்டவை மட்டும் தழைக்கின்றன! உவமையை மீண்டும் நோக்கினால் காரணம் எளிது. குறையற்ற உயிரணுவில் தைமின் வேலை இடைவிடாது நடந்து ஒவ்வொரு கூடையையும் கிழிக்கிறது; முடைபவன் கை கட்டுண்டிருப்பதால் சிறிது நேரத்தில் நல்ல கூடை ஒன்றும் எஞ்சாது, பியூரின் முதலிய மற்ற வேலைகளும் நிற்கும். தை-ஏ கெட்ட உயிரணுவில் கூடையைக் கிழிக்கும் பட்டறையே மூடப்பட்டுவிட்டது. கிழியாத கூடைக்கு முடைபவன் தேவையில்லை. வெளியிலிருந்து தைமின் வந்துகொண்டிருக்கும் வரை அதற்கு மருந்தினால் ஒரு தீங்குமில்லை.

ஆய்வுக்கூடத்தில் நாம் வேண்டுமென்றே செய்தது மருத்துவமனையில் வேண்டாமலே நடக்கிறது. கோ-டிரைமாக்ஸசோலை நெடுநாள் உட்கொண்ட நோயாளிகளிடம் தைமின் வேண்டிநிற்கும் பாக்டீரியா தோன்றுவது 1970-களிலேயே காணப்பட்டது. சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்னும் பிறவி நுரையீரல் நோயுற்றோரின் கோழையில் வாழும் ஸ்டெபிலோகாக்கஸ் கிருமிகளில் இது மிகுதி. அவற்றின் தை-ஏ மரபணு சிதைந்திருப்பது பின்னர் உறுதிப்பட்டது. அவற்றிற்குத் தைமின் எங்கிருந்து வருகிறது? நம்மிடமிருந்தேதான். சீழிலும் கோழையிலும் சிதைந்துகிடக்கும் உயிரணுக்களின் டி.என்.ஏ.யிலிருந்து தைமிடின் என்னும் வடிவில் அது விடுபடுகிறது. நம் படையின் சடலங்களே பகைவனுக்கு உணவாகின்றன.

மருந்துக்கு எதிர்ப்பு வேறு வழிகளிலும் உண்டாகிறது. எண்ணிக்கையில் அவையே பெரும்பான்மை. முடையும் நொதியின் மரபணு மாறி மருந்து பற்றாதபடி ஆகலாம். அதைவிட எளிதாக, மருந்துக்குப் பிடிகொடுக்காத மாற்று நொதியின் மரபணுவைப் பிளாஸ்மிடு என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் அடுத்த பாக்டீரியாவிடமிருந்து இரவலாகப் பெறலாம். இலண்டனில் 1972-இல் இத்தகைய பிளாஸ்மிடு விவரிக்கப்பட்டது. சல்பாவுக்கும் இவ்வாறே மாற்று நொதிகள் உள்ளன. முன்னர் நினைவில் வைக்கக் கூறிய எண்டரோகாக்கஸ் இனமோ இரவலும் வாங்குவதில்லை. போலிக் அமிலத்தை அளக்கும் கருவியாக அதனைப் பயன்படுத்தியதற்கு எது காரணமோ அதுவே அதன் தற்காப்பு: ஆயத்தமாகக் கிடைக்கும் போலிக் அமிலத்தின் சில வடிவங்களையும் தைமிடினையும் அது வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளவல்லது. ஆகையால் ஆய்வுத் தட்டில் மருந்துக்கு அடங்கியதாகத் தோன்றினும், உடலில் அடங்கும் என்று நம்புவதற்கில்லை.

ஆய்வுத் தட்டைப் பற்றிய எச்சரிக்கை இதற்கு நேர்மாறாகவும் பொருந்தும். ஒரு கிருமி இம்மருந்துகளுக்கு அடங்குமா என்று அறிய, அகார்த் தட்டில் கிருமியைப் பரப்பி, மருந்து தோய்ந்த காகித வட்டை வைத்து, வட்டைச் சுற்றி வளர்ச்சி அற்ற வெளியை அளப்பது வழக்கம். தட்டின் ஊடகத்தில் தைமிடின் மிகுதியாயிருந்தால் அடங்க வேண்டிய கிருமியும் அடங்காததுபோல் வளரும். நல்ல மருந்தொன்று நோயாளிக்கு மறுக்கப்படும். ஆதலால் தைமிடின் குறைந்த ஊடகத்தையே பயன்படுத்துமாறு விதி செய்துள்ளனர். ஊடகத்தில் சிதைத்த குதிரை இரத்தத்தைச் சேர்ப்பதும் ஒரு பரிகாரம். குதிரையின் சிவப்பணுக்களில் தைமிடினைப் பிளந்து தைமினாக்கும் நொதி இருக்கிறது. மருந்தை முறிப்பதில் தைமின் தைமிடினைக் காட்டிலும் மிகவும் வலுக்குறைந்தது. ஆட்டின் இரத்தத்தில் அந்நொதி இல்லாமையால் அது இவ்வேலைக்கு உதவாது.

தைமின் வேண்டிநிற்கும் கிருமியோ இத்தகைய தட்டில் வளரவே வளராது, அல்லது ஊசி முனை அளவு புள்ளிகளாக நிற்கும். அவசரத்தில் பார்ப்பவர் கிருமி இல்லை என்றே எழுதிவிடக்கூடும். ஐயம் ஏற்பட்டால் மருந்து வட்டுக்குப் பதிலாகத் தைமிடின் தோய்ந்த வட்டு ஒன்றை அத்தட்டில் வைத்து ஓர் இரவு விட்டுப் பார்க்க வேண்டும். மறுநாள் அந்த வட்டைச் சுற்றி மட்டும் வளர்ச்சி செழித்திருந்தால், நோயாளிக்கு அதுவரை அளித்துவந்த மாத்திரையை நிறுத்தி வேறு மருந்தைத் தேடும்படி ஆய்வாளர் சீட்டு எழுதியனுப்பலாம்.